அறுவை சிகிச்சைக்கு 16 பாயிண்ட்

கர்ப்ஸ் என்றொரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம். 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்டது. 2004இல் வந்த அதன் நான்காம் பதிப்பில், நன்றாகத் துப்பாக்கி சுடத் தெரிந்த கேரக்டர் வேண்டுமென்றால் 4 பாயிண்ட் செலவழித்தால் போதும். அதே தரத்தில் அறுவை சிகிச்சை தெரிந்த கேரக்டருக்கு 16 பாயிண்ட். அச்சுப்பிழை இல்லை. துப்பாக்கி ‘எளிது’ என்ற வகையில் வருகிறது, அறுவை சிகிச்சை ‘மிகக் கடினம்’ என்ற வகையில். அடிப்படைத் திறனுக்கு மேலே இரண்டு படி ஏற, முன்னதில் 4, பின்னதில் 16. கூடவே முதலுதவியோ பொது மருத்துவமோ வாங்கியிருக்க வேண்டும். அந்தச் செலவு தனி.

கேட்டவுடன் நியாயமாகத்தான் படும். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், அதற்கு மேல் எம்எஸ் மூன்று வருடம். துப்பாக்கிப் பயிற்சிக்கு அவ்வளவு காலம் வேண்டாம். கர்ப்ஸ் தன் தர்க்கத்தை ஒளிக்கவும் இல்லை. 200 மணி நேரப் படிப்பு ஒரு பாயிண்டுக்குச் சமம் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆக துப்பாக்கிக்கு 800 மணி நேரம், கத்திக்கு 3200 மணி நேரம். உழைப்புக்கேற்ற விலை. இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

இருக்கிறது. என் புகாரே இந்த நியாயத்தின் மீதுதான்.

ஆடியிராதவர்களுக்குச் சுருக்கமாக. பால்டர்ஸ் கேட் 3 ஆடியவர்களுக்கு இந்த உலகம் பாதி தெரிந்திருக்கும். அங்கே கம்ப்யூட்டர் செய்யும் வேலையை இங்கே கேம் மாஸ்டர் என்ற மனிதர் செய்கிறார். அவர் சூழலைச் சொல்வார். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு கேரக்டராக என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் பகடை உருளும். கேரக்டர் ஷீட்டில் எழுதியிருக்கும் ஸ்கில் எண்தான் அந்தப் பகடைக்கு எதிராக உங்கள் ஒரே ஆயுதம். அந்த எண்களை வாங்க எல்லோருக்கும் சமமாகப் பாயிண்ட் தருகிறார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் பேச வாய்ப்பு வரும் என்பதை அந்தப் பாயிண்ட் பாதி தீர்மானித்துவிடுகிறது.

இப்போது ஒரு சனிக்கிழமை மாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாலு மணி நேர ஆட்டம். துப்பாக்கிச் சண்டை வருகிறது. கர்ப்ஸில் சண்டையின் ஒவ்வொரு சுற்றும் கதைக்குள் ஒரு வினாடி. பத்து வினாடிச் சண்டை மேஜையில் ஒரு மணி நேரம் ஓடும், இரண்டு மணி நேரமும் ஓடும். சுடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் பேசுகிறார், குறிவைக்கிறார், உருட்டுகிறார், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். சண்டை முடிந்ததும் ஒருவருக்கு வயிற்றில் குண்டு. டாக்டர் கேரக்டரை எடுத்தவர் நிமிர்ந்து உட்காருகிறார். கேம் மாஸ்டர் சொல்கிறார்: “சரி, சர்ஜரி ஒரு ரோல் போடுங்க.” போடுகிறார். பாஸ். “ஓகே, ரெண்டு வாரம் கழிச்சு...” முடிந்தது. 3200 மணி நேரப் படிப்புக்கு முப்பது வினாடி மேடை.

நாலு மடங்கு விலை கொடுத்தவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால் “அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல” என்கிறோம். இன்ட்ரஸ்ட் இருந்துதான் இருபது நிமிடம் யோசித்து அந்த ஷீட்டை நிரப்பியிருக்கிறார்.

ஐடியில் இருப்பவர்களுக்கு இது பழகிய கோளாறு. ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று ஸ்டோரி பாயிண்ட் போடுவோம். மேலே யாரோ ஒருவர் அதையே அந்த வேலையின் மதிப்பாகப் படித்துவிடுவார். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய ரிப்போர்ட் பக்கத்தை ஒருத்தரும் திறக்க மாட்டார்கள். அரை நாளில் ஒட்டவைத்த டவுன்லோட் பட்டனை ஊரே அமுக்கும். உழைப்பின் அளவு ஒன்று, பயனின் அளவு வேறொன்று. நிஜ உலகில் இரண்டும் எப்போதாவது ஒட்டிவரலாம். ஆட்டத்தில் ஒட்டிவரக் காரணமே கிடையாது. ஏனென்றால் அந்த டாக்டர் எட்டரை வருடம் படிக்கவே இல்லை. பென்சிலால் ‘16’ என்று எழுதினார், அவ்வளவுதான்.

விலைப்பட்டியல் இந்தக் கலைக்குப் பிறவியிலேயே வந்ததும் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஸ்கில் பட்டியலே கிடையாது. ஒளிந்துகொள்ள வேண்டுமா, எங்கே எப்படி என்று சொல்லுங்கள், நடுவர் முடிவு செய்வார். 1975இல் கிரேஹாக் என்ற துணைப் புத்தகம் திருடன் என்ற கிளாஸைக் கொண்டுவந்தது. பூட்டுத் திறப்பதற்கும் நிழலில் ஒளிவதற்கும் அவனுக்குச் சதவீதம் எழுதித் தந்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிப் புலம்புவார்கள்: திருடனுக்கு ஒளியத் தெரியும் என்று எழுதிய நாளில் மற்ற எல்லோருக்கும் ஒளியத் தெரியாமல் போய்விட்டது. கொஞ்சம் மிகைதான். ஆனால் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது இலவசம் இல்லை என்பதை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள்.

1978இன் ரூன்குவெஸ்ட் வேறு வழியில் போனது. ஆட்டத்தில் ஒரு ஸ்கில்லை வெற்றிகரமாகப் பயன்படுத்தினால் அதன் பக்கத்தில் ஒரு டிக். பிறகு அந்த ஸ்கில்லின் தற்போதைய எண்ணைவிட அதிகமாக உருட்டினால் அது வளரும். தேர்ந்தவருக்கு வளர்வது கடினம், கற்றுக்குட்டிக்கு எளிது. விலை என்று தனியாக எதுவும் எழுதாமலேயே, மேஜையில் எது நடக்கிறதோ அதுதான் வளரும் என்றாகிவிட்டது. குறை இல்லாமல் இல்லை. டிக் வாங்குவதற்காகவே சண்டை நடுவில் வாளை வைத்துவிட்டு ஈட்டி, ஈட்டியை வைத்துவிட்டு கோடாலி என்று மாற்றிக்கொண்டிருப்பார்கள். 1981இல் சாம்பியன்ஸ் வந்தது. பாயிண்டைக் கொடு, சக்தியை வாங்கு. கடை அன்றைக்குத் திறந்தது. நாம் இன்னும் கவுண்டரில்தான் நிற்கிறோம்.

பட்டியலில் ஒரு திறனை எத்தனை துண்டாக வெட்டுகிறோம் என்பதும் விலைதான். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 2000இல் வந்த டி அண்ட் டி மூன்றாம் பதிப்பில் பதுங்கிப் போவது இரண்டு தனித்தனி ஸ்கில்: கண்ணில் படாமல் ஒளிவது, சத்தமில்லாமல் நடப்பது. ஐந்தாம் லெவலில் சராசரி புத்தியுள்ள ஒரு ஃபைட்டர். மனிதன் அல்ல, வேறு இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மனிதனுக்குக் கொஞ்சம் உபரி உண்டு. அவனுக்கு அதுவரை கிடைத்த மொத்த ஸ்கில் பாயிண்ட் 16. இந்த இரண்டும் அவன் கிளாஸுக்கு உரியவை அல்ல என்பதால் விலை இரட்டிப்பு, உச்சவரம்பு பாதி. இரண்டிலும் 4 ரேங்க் வாங்க 8 கூட்டல் 8. பதினாறும் காலி. இனி அவனுக்கு நீச்சலும் தெரியாது, குதிரையும் ஏறத் தெரியாது. அதே லெவலில் அதே புத்தியுள்ள ரோக்குக்கு 64 பாயிண்ட். அவனும் அதே 16ஐத்தான் செலவழிக்கிறான். இரண்டிலும் 8 ரேங்க் வந்துவிடுகிறது, மிச்சம் 48 பாயிண்ட் பையில்.

விலையில் மட்டுமா அடி? நிகழ்தகவிலும்தான். ஒளிவதில் 60 சதவீதம், சத்தமில்லாமல் நடப்பதில் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒன்றாகக் கைகூட 36 சதவீதம். ஒரே செயலுக்கு இரண்டு பகடை கேட்கிறீர்கள் என்றால் நீங்கள் அந்தச் செயலைத் தடை செய்கிறீர்கள், நாசூக்காக.

இனி வாளுக்கு வாருங்கள். ‘வாளை வீசுதல்’ தனி, ‘வாளால் குறிவைத்தல்’ தனி என்று யாராவது வெட்டினார்களா? மூன்றாம் பதிப்பில் தாக்கும் போனஸ் லெவலோடு தானாக ஏறும், ஒரு பாயிண்ட்கூடக் கேட்காது, எந்த ஆயுதத்தை எடுத்தாலும் கூடவே வரும். கர்ப்ஸில் வாள் ஸ்கில்லில் பாதியோடு மூன்றைக் கூட்டினால் அதுவே வாளால் தடுக்கும் எண். ஒரே விலையில் அடியும் தடுப்பும். சண்டைக்காரனுக்கு காம்போ ஆஃபர், பதுங்குகிறவனுக்கு உதிரிப் பாகம் தனித்தனி பில். இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. மினியேச்சர் போர் விளையாட்டிலிருந்து வந்த கலை இது; தாத்தா வீட்டு வாசனை. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து அதை ‘ரியலிசம்’ என்று பெயர்மாற்றி என்னிடம் விற்காதீர்கள்.

2008இல் நான்காம் பதிப்பு இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்கில்லாக்கியது. 2009இல் பாத்ஃபைண்டரும் சேர்த்தது, இரட்டை விலையையும் தூக்கியது. பூமி ஒன்றும் பிளந்துவிடவில்லை.

உறவுள்ள திறன்களுக்குத் தள்ளுபடி கொடுப்பது அடுத்த கூத்து. யோசனை நல்லதுதான். குட்டைவாள் தெரிந்தவனுக்கு நீளவாள் கொஞ்சம் வரும், வர வேண்டும். கர்ப்ஸில் இதற்கு ‘டேலண்ட்’ என்று ஒன்று. உறவுள்ள ஸ்கில்களின் கூட்டத்துக்கு மொத்தமாக ஒரு படி ஏற்றம்: ஆறு வரை இருந்தால் 5 பாயிண்ட், ஏழு முதல் பன்னிரண்டு என்றால் 10, பதின்மூன்றும் அதற்கு மேலும் 15. சரி. ஆனால் ஐக்யூவை ஒரு படி ஏற்ற 20. அதில் மனவுறுதியும் புலனறிவும் சேர்ந்து ஏறிவிடும். அவை இரண்டையும் ஒரு படி கீழே இறக்கினால் ஐந்தைந்து பாயிண்ட் திரும்பி வரும். ஆக நிகர விலை 10. பதின்மூன்று ஸ்கில்லுக்கு 15 என்று பக்கத்து அலமாரியில் ஒட்டியிருக்கிறது. உலகில் உள்ள அத்தனை ஐக்யூ ஸ்கில்லும் இங்கே 10க்குக் கிடைக்கிறது. டேலண்டோடு நாலு பேர் மத்தியில் கொஞ்சம் மரியாதையும் கற்கும் வேகமும் கிடைக்கும், குறைகளை விற்பதற்கு உச்சவரம்பு உண்டு, எல்லாம் சரி. என்றாலும் இது விலைப்பட்டியலா, புதிர்ப் போட்டியா? கணக்கு போடத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, கதையை நம்பி வந்தவனுக்கு ஒரு விலை.

என் கோபத்தின் நடுப்புள்ளி இதுதான். இதைவிடத் தெளிவான உதாரணம் வாம்பயர்: தி மாஸ்கரேட். 1991இல் வந்தபோது தன்னைக் கதைசொல்லும் விளையாட்டு என்றே அழைத்துக்கொண்டது. கேரக்டர் உருவாக்கும்போது புள்ளிகள் ஒரே விலை. எந்த உயரத்திலும் ஒரு புள்ளி ஒரு புள்ளிதான். ஆட்டம் தொடங்கிய பிறகு எக்ஸ்பி கொடுத்து வாங்கும்போது, பழைய பதிப்புகளில், அடிப்படைத் திறன் ஒன்றை ஏற்ற இப்போதைய எண்ணின் நாலு மடங்கு. உயர உயர விலை ஏறும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல விதி. சேர்த்துப் பாருங்கள்.

மூன்று திறன்கள், எல்லாம் 1இல் தொடங்குகின்றன, ஏற்றிக்கொள்ள மூன்று புள்ளி. விவரமான ஆள் மூன்றையும் ஒன்றில் கொட்டுகிறார்: 4, 1, 1. புதிதாக வந்தவர் “மனுஷன்னா எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கணும்ல” என்று பிரித்துப் போடுகிறார்: 2, 2, 2. சில மாதம் கழித்து இருவரும் 4, 2, 2 என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். விவரமானவர் கொடுத்தது 4 கூட்டல் 4, எட்டு எக்ஸ்பி. புதியவர் கொடுத்தது 8 கூட்டல் 12, இருபது எக்ஸ்பி. ஒரே கேரக்டர். பன்னிரண்டு எக்ஸ்பி அபராதம். எதற்கு? நம்பும்படியான ஒரு மனிதரை உருவாக்கியதற்கு.

பல மேஜைகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அபராதம் கட்டுகிறவர் அநேகமாகப் புதியவர், அல்லது எக்செல் ஷீட் போடப் பிடிக்காதவர், அல்லது நாவல் வாசித்துவிட்டு அந்த ருசியில் வந்து உட்கார்ந்தவர். அவருக்கு அபராதம் கட்டியதே தெரியாது. தன் கேரக்டர் எதிலும் சோபிப்பதில்லை என்று மட்டும் தெரியும். நான்காவது வாரம் “இந்த சனிக்கிழமை கொஞ்சம் வேலை” என்று மெசேஜ் வரும். பிறகு வரமாட்டார். மிஞ்சுபவர்கள் எல்லாம் விதியைப் பிழிந்து சாறெடுக்கத் தெரிந்தவர்கள். அப்புறம் அதே கூட்டம் உட்கார்ந்து, “நம்ம ஊர்ல கதைக்காக ஆட வர்றவங்களே இல்ல மச்சி” என்று வருத்தப்படும்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: “நல்ல கேம் மாஸ்டர் இருந்தா எல்லாத்தையும் சமாளிச்சுடுவார்.” சமாளிப்பார். கோடில் பக் இருக்கிறது என்று தெரிந்தே ரிலீஸ் செய்துவிட்டு, ராத்திரி ஷிஃப்டில் சப்போர்ட் ஆள் பார்த்துக்கொள்வார் என்கிற அதே பதில். அந்த நல்ல கேம் மாஸ்டர் டாக்டருக்காகத் தனியாக ஒரு காட்சி எழுதி, ஃபைட்டருக்காக ஒரு ஆற்றை வற்றவைத்து, விதி கெடுத்ததை எல்லாம் சம்பளமில்லாமல் சரிசெய்கிறார். புத்தகத்துக்குப் பணம் வாங்கியவர் எழுத்தாளர்.

இன்னொரு பதில் கொஞ்சம் கனமானது. ஒரு ஸ்கில்லின் பயன் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், ஆகவே சரியான விலை என்று ஒன்று இருக்கவே முடியாது. ஒப்புக்கொள்கிறேன். 1981இல் சாண்டி பீட்டர்சன் எழுதிய கால் ஆஃப் கதுலுவையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்கில்லானாலும் ஒரு பாயிண்டுக்கு ஒரு சதவீதம். நூலகத்தில் தேடுவதும் கணக்குப் பதிவேடு பார்ப்பதும் ஒரே விலை. ஆனால் அங்கே கதைகளை எழுதியவர்கள் துப்புகளைக் கொண்டுபோய் நூலகங்களில் வைத்தார்கள். நூலகத் தேடல் அந்த விளையாட்டின் துப்பாக்கி ஆனது. மதிப்பு கதையிலிருந்து வந்தது, விதிப்புத்தகத்துக்கு அதில் பங்கில்லை.

அப்படியென்றால் விலையை அங்கிருந்துதானே எடுக்க வேண்டும்? ராபின் லாஸின் கம்ஷூ அதைத்தான் செய்தது. 2007இல் எசோடெரரிஸ்ட்ஸ் என்ற விளையாட்டோடு வந்தது. துப்பறியும் திறன்களை ஒரு பையிலும் ஓடுவது, சுடுவது வகையறாவை இன்னொரு பையிலும் போட்டது. இரண்டுக்கும் தனித்தனி பாயிண்ட். இதிலிருந்து எடுத்து அதில் போட முடியாது. தடயவியலும் துப்பாக்கியும் ஒரே பணத்துக்காகச் சண்டை போடுவது நின்றது. துப்பறியும் பையின் அளவோ மேஜையில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. இரண்டே பேர் ஆடினால் ஆளுக்கு நிறைய, ஐந்து பேர் என்றால் ஆளுக்குக் குறைவு. விலை மேஜையைப் பார்க்கிறது! எவ்வளவு சாதாரண யோசனை, ஆனால் முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

2017இல் ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் உறவுள்ள திறன்களின் பிரச்சினையை எதிர்ப்பக்கமிருந்து பிடித்தது. பன்னிரண்டு செயல்கள், நாலு நாலாக மூன்று கூட்டம். ஒரு கூட்டத்தில் எத்தனை செயல்களில் குறைந்தது ஒரு புள்ளி இருக்கிறதோ அதுவே அந்த அடிப்படைத் திறனின் எண். ஆபத்து வரும்போது தாங்கிக்கொள்ள அந்த எண்தான் உதவும். கர்ப்ஸில் அடிப்படைத் திறனை வாங்கினால் ஸ்கில்கள் மலிவாகும். இங்கே ஸ்கில்களைப் பரப்பினால் அடிப்படைத் திறன் தானாக வளரும். வாம்பயரில் அபராதம் கட்டிய அந்த ‘எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்’ ஆளுக்கு இங்கே பரிசு.

டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பைப் பற்றி ஒரு வரி போதும். பாயிண்டையே தூக்கிவிட்டு, பதினெட்டு ஸ்கில்லில் சிலவற்றைத் தேர்ந்தெடு என்றார்கள். விலை மறைந்ததா? இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே விலை என்றானது. மேஜைக்கு மேஜை நூறு தடவை உருளும் பெர்செப்ஷனும், எப்போதாவது ஒரு கழுதை வந்தால் உருளும் மிருகப் பராமரிப்பும் ஒன்றாம்.

இவ்வளவும் எழுத உடனடிக் காரணம் ஒன்று உண்டு. என் நண்பர்கள் இருவர் தமிழில் ஒரு ரோல்பிளேயிங் கேம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வரைவு எனக்கு வந்தது. ஸ்கில் பட்டியல் என்ன என்று ஊகிக்கப் பரிசெல்லாம் கிடையாது: ஆய கலைகள் அறுபத்துநான்கு. ஆசை புரிகிறது. யாருக்குத்தான் வராது? ஆனால் அந்தப் பட்டியலில் கணிதமும் மல்யுத்தமும் இரத்தினப் பரீட்சையும் இருக்கும் அதே வரிசையில் கூடுவிட்டுக் கூடு பாயும் பரகாயப் பிரவேசமும் உட்கார்ந்திருக்கிறது. இவற்றை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரித்து, கற்க ஆகும் வருடங்களை வைத்து விலை போட்டிருந்தார்கள். இரத்தினப் பரீட்சைக்கும் பரகாயப் பிரவேசத்துக்கும் ஒரே விலை. இரண்டுமே பன்னிரண்டு வருடப் பயிற்சியாம்.

நான் சொன்னது இது. விலையை எல்லாம் அழியுங்கள். ஷீட்டில் பெயர்களை மட்டும் வைத்து மூன்று மாலை ஆடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. ஒரு கலை கதையின் போக்கைத் திருப்பும்போதெல்லாம் அதற்கு நேராக ஒரு கோடு. உருட்டியதற்குக் கோடு வேண்டாம், திருப்பியதற்கு மட்டும். மூன்று மாலை முடிந்ததும் கோடே விழாத நாற்பது கலைகள் இருக்கும். அவற்றுக்கு விலையைக் குறைத்து ‘டிஸ்கவுண்ட்’ போட்டு ஏமாற்றாதீர்கள். ஒன்றோடொன்று சேருங்கள், அல்லது துணி, மணி, இசை எல்லாம் தெரிந்த ஆளுக்குத் தனியாக ஒரு பை கொடுங்கள், மல்யுத்தத்தோடு போட்டியில்லாத பை.

பெரியவன் ஒத்துக்கொண்டான். சின்னவனுக்கு மனசு வரவில்லை. “அப்போ இரத்தினப் பரீட்சையைத் தூக்கிடலாமா?” என்றான்.

“தூக்காதடா. எவனாவது அதை எடுத்தான்னா, முதல் மாலையே அவன் கையில ஒரு போலி மாணிக்கத்தைக் கொடு.”

அது எந்தப் பையில் போகும் என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பரகாயப் பிரவேசத்துக்கு விலையே இல்லாமல் விட்டிருக்கிறோம், வர்ற சனிக்கிழமை ஆடிப் பார்க்க.